ஆல்டன் பெக்கின் பிழைப்பெட்டி

அத்தியாயம் 17

வெர்னாவின் அப்பா இறந்து ஐந்து வாரமாகிறது. இன்னும் அடக்கம் ஆகவில்லை.

மார்ச் மாதத்தில் ஆர்டனில் யார் இறந்தாலும் அப்படித்தான். மண் இரும்பாகக் கிடக்கும், கடப்பாரை எகிறும். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கல் அறையில், பெட்டியோடு, குளிர் போகும்வரை வைத்திருப்பார்கள். நேற்றுத்தான் தோட்டத்துக்காரர் சொல்லியனுப்பினார். மண் இளகிவிட்டதாம். சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமாம்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் ஒப்புக்கொண்டாயிற்று. ஆறாவது இடத்துக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. அது அவள் அண்ணன் மெரிலுடைய இடம்.

மெரில் அப்பாவோடு பேச்சை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. மார்ச்சில் நடந்த பிரார்த்தனைக்கும் அவன் வரவில்லை. எல்லாம் ஒரு சாலையால் வந்தது.

மறந்துபோன பழைய சாலைகளையெல்லாம் தேடிப் பிடித்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு அவற்றின் மேல் உரிமை போய்விடும் என்று மாநில அரசு கெடு வைத்தபோது, ஆர்டன் ஊர்ச் சபை ஆல்டன் பெக்கிடம்தான் வந்து நின்றது. வேறு யாரிடம் போகும்? முப்பத்தோரு வருஷம் பால் லாரி ஓட்டியவர் அவர். பண்ணை பண்ணையாகப் பால் எடுக்கப் போகும்போதே, "மாடியில பழைய காகிதம் ஏதாவது கிடக்கா?" என்று கேட்டுக் கேட்டு, அந்த மலையின் பாதிப் பத்திரங்களைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். 1797ஆம் வருஷத்துச் சாலைக் குறிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். அந்தச் சாலை தன் மகனுடைய வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே போகிறது என்று சபையில் எழுந்து நின்று சொன்னார்.

நிலத்தில் வில்லங்கம் என்று வங்கி கையை விரித்தது. புதுக் கொட்டகைக்குக் கடன் இல்லை. மெரில் அறுபத்திரண்டு மாடுகளையும் ஏலத்தில் விட்டான். பிறகு வீட்டையும் விற்றுவிட்டு இரண்டு ஊர் தள்ளி ஒரு மரமில்லில் வேலைக்குப் போனான்.

அந்த மெரில் இன்று வருகிறான். அப்பாவின் காகிதங்களை மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுக்க இரண்டு பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டுமாம். "பன்னிரண்டு மணிக்கு வரேன். கையெழுத்து மட்டும்தான்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

*

"இருபத்தி ஏழு" என்று சொல்லி, அவள் கணவன் கிளேட்டன் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியைக் கூடத்தில் இறக்கினான். "உங்கப்பா செத்தவங்க எல்லாரோடயும் குடும்பம் நடத்தியிருக்காரு. அதான் உயிரோட இருக்கறவங்க உட்கார ஒரு நாற்காலி இல்ல இங்க."

"முதுகு வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

"வலிக்குது."

"காப்பி இருக்கு, குடி."

அப்பாவின் சமையலறை மேஜையில் அவள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டி ஒன்று முதல் பதினாறு வரை, மூலப் பத்திரங்கள். ஒவ்வொன்றும் ஒரு மரத்தில் தொடங்கும். ஒரு வெள்ளை ஓக்கிலிருந்து கிழக்கே நாற்பது கோல் தூரம் போய், ஒரு கற்குவியலில் திரும்பி, ஓடைக்கரையோடு நடந்து, கடைசியில் அதே ஓக்குக்கு வந்து சேரும். மரம் எப்போதோ விழுந்திருக்கும். அதைப் பற்றிப் பத்திரத்துக்குக் கவலையில்லை. பெட்டி பதினேழு முதல், அப்பாவின் குறிப்புகள். பெரும்பாலும் பால் எடைச் சீட்டுகளின் பின்பக்கம்.

தொலைபேசி அடித்தது. வரலாற்றுச் சங்கத்து யூனிஸ் டார்பெல்.

"மூணு மணிக்கு வேனைக் கொண்டு வரோம். ஒண்ணு கேக்கணும். அந்தப் பிழைப்பெட்டியும் எங்களுக்கு வருது இல்ல?"

"பிழைப்பெட்டியா? அது எதுக்கு உங்களுக்கு?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க. சரியானதை எழுதி வெச்சவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. தப்பை எழுதி வெச்சவர் உங்கப்பா ஒருத்தர்தான்."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெட்டி அது. ஒரு பழைய பிஸ்கட் தகரம். தான் எழுதியதிலோ சொன்னதிலோ ஒன்று தவறு என்று தெரிந்தால், அப்பா அதற்கு ஓர் அட்டை போடுவார். ஒவ்வொரு அட்டையிலும் மூன்று வரி. நான் சொன்னது. உண்மை. எப்படித் தவறினேன். மூன்றும் நிரம்பிய பிறகுதான் ஊரின் ஆண்டறிக்கையில் திருத்தம் வெளியிடுவார். காரணம் தெரியாமல் திருத்தினால் அதுவும் இன்னொரு தவறுதான் என்பது அவர் கட்சி.

வெர்னா தகரத்தைத் திறந்து அட்டைகளை எண்ணத் தொடங்கினாள். நடுவில் ஒன்றைப் படித்துச் சிரித்தும்விட்டாள். நான் சொன்னது: எபனேசர் கோல்மனுக்கு ஒரே சமயத்தில் இரண்டு மனைவிகள். உண்மை: இரண்டு எபனேசர்கள், ஆளுக்கு ஒரு மனைவி. எப்படித் தவறினேன்: சுவையான செய்தி கிடைத்த சந்தோஷத்தில் அவசரப்பட்டேன்.

அறுபத்தெட்டாவது அட்டையில் அவள் கை நின்றது.

நான் சொன்னது: 1797ஆம் வருஷத்துச் சாலை மெரிலின் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே செல்கிறது.

உண்மை: ஏறக்குறைய எழுநூறு அடி மேற்கே, சதுப்புக் காட்டுக்குள். அங்கே யாருடைய வீடும் இல்லை.

எப்படித் தவறினேன்:

அதற்குமேல் ஒன்றும் இல்லை. மேலே தேதி மட்டும், அவருடைய சாய்ந்த கையெழுத்தில். 2008 ஏப்ரல் 17.

*

அந்த வருஷம் காட்டில் நடந்தபோது அப்பா எழுதிய குறிப்பேடு முப்பத்து மூன்றாம் பெட்டியில் இருந்தது. அதைத் தேடி எடுக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்தைக் கண்டுபிடித்ததும் அடுப்பை ஒட்டியிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 16. பழைய திசைகாட்டியையும் புதியதையும் ஒரே கல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். பதினைந்து டிகிரி வித்தியாசம். புதியதன் அடியில் ஒரு திருகு இருக்கிறது. வெ. திருப்பி வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வெ. என்றால் அவள்.

திசைகாட்டி முள் காட்டும் வடக்கு நிலையான வடக்கு அல்ல. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நகரும். இருநூறு வருஷத்துக்கு முன் எழுதிய குறிப்பை இன்றைய முள்ளை நம்பி நடந்தால் வேறெங்கோ போய் நிற்போம். அப்பாவுக்கு இதெல்லாம் பாலபாடம். தாளில் கணக்குப் போட்டு வித்தியாசத்தைச் சரிசெய்துகொண்டுதான் காட்டுக்குள் காலை வைப்பார்.

அவருடைய எழுபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு வெர்னா ஒரு புதுத் திசைகாட்டி வாங்கினாள். அதிலிருந்த சின்னத் திருகைத் திருப்பி வைத்தால் அந்த வித்தியாசத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும் என்று கூட வந்த கையேடு சொன்னது. இதே மேஜையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, குட்டிச் சாவியால் பதினைந்து டிகிரிக்குத் திருப்பினாள். அவரிடம் சொல்லவில்லை. ஒருநாள் அவரே கண்டுபிடித்து, "இதை நீயா செஞ்சே?" என்று கேட்பார் என்று காத்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு குழந்தைகளுக்குச் சமைக்கிறவள். அப்பாவின் உலகத்தில் தனக்கும் ஒரு விஷயம் தெரியும் என்று காட்ட அவளுக்கு ஆசையாக இருந்தது.

கருவி ஒரு முறை திருத்தியது. அது தெரியாமல் அப்பா தாளில் இன்னொரு முறை திருத்தினார். போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு கற்சுவர்கள், பழைய சாலைகளின் இரு ஓரத்திலும் இருப்பது போலவே, பக்கம் பக்கமாக ஓடின. பழைய சாலைக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? மாட்டை ஓட்டிப்போக யாரோ போட்ட சந்து அது என்று மெரில் அன்றே சொன்னான். அவன் பேச்சு எடுபடவில்லை.

ஏலத்தன்று நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. மே எட்டு. வேலியோரம் ஊரே நின்றிருந்தது. மெரில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்து, "ஒரு தடவை திரும்ப அளந்து பாருங்க. ஒரே ஒரு தடவை" என்றான். அப்பா வாயைத் திறப்பதற்குள் வெர்னா முந்திக்கொண்டாள்.

"அப்பா கணக்குல தப்பு வராது, மெரில். தோத்துட்டேன்னு திசைகாட்டியோட சண்டை போடாதே."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு லாரியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பார்வையை அவள் இத்தனை வருஷமாக நன்றி என்று நினைத்திருந்தாள்.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. மெரில் போன பிறகு வந்த நான்கு வருஷமும் அவளுக்குக் கசக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். கார் ஓட்டிக்கொண்டு கல்லறை கல்லறையாகக் கூட்டிப்போனாள். ஐம்பது வயதில் முதல் முறையாக ஒற்றைப் பிள்ளையாக இருந்தாள். அண்ணனுக்காக அவள் அழுதது உண்மை. ஆனால் அப்பாவின் பக்கத்து நாற்காலி காலியானபோது, அதில் உட்கார அவள் ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை.

கிளேட்டன் அட்டையையும் குறிப்பேட்டையும் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தான்.

"அடுப்புல போடு" என்றான்.

"கிளேட்டன்."

"சனிக்கிழமை மெரில் வரணுமா, வேண்டாமா? அதை மட்டும் யோசி. உன் அப்பா நாலு வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தது இன்னிக்கு நீ போட்டு உடைக்கவா?"

"அவர் பெட்டியிலதானே வெச்சிருந்தாரு. கிழிச்சுப் போடலியே."

"அவரால ஒரு காகிதத்தையும் கிழிக்க முடியாது. மளிகைக் கடை பில்லைக்கூட வெச்சிருந்தாரு." தொப்பியை எடுத்துக்கொண்டான். "நான் வேலைக்குக் கிளம்பறேன். எதைச் செஞ்சாலும் அவன் சாப்பிட்ட பிறகு செய்."

அவன் போன பிறகு அவள் விறகடுப்பின் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டைகள் சிவந்து கிடந்தன. அட்டையின் ஓரம் சூட்டில் லேசாகச் சுருண்டது. கையை அவள் நீட்டவுமில்லை, இழுக்கவுமில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு அட்டையை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

"மியூசியத்துக்கு டிக்கெட் உண்டா?" என்று கேட்டபடி மெரில் பூட்ஸைக் கழற்றினான். முழங்கால் வரை சேறு. தலை முழுக்க நரைத்திருந்தது. அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"உள்ள வா. ரோடு எப்படி இருக்கு?"

"ரோடா? கஞ்சி. வாசல் தபால்பெட்டிகிட்ட என் பிக்கப் லாரி பாதி முழுகிடுச்சு." சொல்லிவிட்டு, ரோடு என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததற்காகத் தானே ஒரு மாதிரி சிரித்தான். அட்டைப்பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தான். "இவ்வளவும் ஆல்டனா?"

"அப்பான்னு சொல்லேன், மெரில்."

"கையெழுத்து எங்க போடணும்?"

அவள் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். மாட்டுக்கறியும் தக்காளியும் போட்ட மக்ரோனி.

"லஞ்சமா?"

"சாப்பாடு."

"ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட்" என்றான். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்பாவுடைய நாற்காலியை அல்ல, சுவரோரம் இருந்ததை. முதல் தட்டைக் காலி செய்தான். இரண்டாவது தட்டில் பாதி ஆனதும் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"மண்ணு இளகிடுச்சா?"

"இளகிடுச்சாம். சனிக்கிழமை."

"நான் வந்தா யாரும் பெட்டியைப் பார்க்க மாட்டாங்க. என்னைத்தான் பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே."

மெரில் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்தான்.

"சொல்லட்டுமா வெர்னா? முதல் ரெண்டு வருஷம் அவரைத் திட்டிக்கிட்டேதான் எழுந்திருப்பேன். பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே ஒரு ரவுண்டு முடிஞ்சிடும். அப்புறம் ஒருநாள் மில்லுல மரத்தை ஏத்தறப்போ தோணிச்சு. ரோடு அங்கதான இருந்திருக்கு. எனக்கு முன்னாடி, அவருக்கும் முன்னாடி. நான்தான் தெரியாம ரோட்டை ஒட்டி கொட்டகை கட்டிட்டேன். இருந்ததை இருக்குன்னு சொன்னாரு, அவ்வளவுதான். அவர் வேலை அது. அப்படி நெனச்ச பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது."

வெர்னா அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட முன்கூட்டி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சபையில எல்லாரோடயும் உட்கார்ந்து கேட்டேன் பாரு, அது ஒண்ணுதான் இன்னும் உறுத்துது. ஆனா அவர் கணக்குல தப்பு வராதுன்னு நீயே சொன்னே. சரியாத்தான் சொல்லியிருக்கே." தண்ணீரைக் குடித்தான். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"நான் எந்தப் பக்கம் தூக்கணும்?"

"இடது பக்கம். முன்னாடி. உனக்குன்னுதான் வெச்சிருக்கேன்."

"கோட்டு ஒண்ணு வாங்கணும்" என்றான் மெரில்.

ஐந்து வாரமாக அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான். அது கிடைத்துவிட்டது. இப்போது பேனாவை எடுத்துக் கொடுத்தால் போதும். அவன் கையெழுத்துப் போடுவான், வாசலில் ஒரு முறை அணைத்துக்கொண்டாலும் கொள்வான், சனிக்கிழமை புதுக் கோட்டில் வந்து நிற்பான். ஸ்வெட்டர் பையில் இருக்கும் அட்டை ஒரு கையளவுகூட இல்லை.

ஆனால் அவன் தூக்கப்போவது அப்பாவின் பெட்டியை மட்டும் அல்லவே. தன் கொட்டகையைத் தானே தவறான இடத்தில் கட்டிக்கொண்டோம் என்ற பழியையும் சேர்த்தல்லவா தோளில் வைத்துக்கொண்டு நடப்பான். அந்தப் பழியை அவன் எப்படியோ செதுக்கிச் செதுக்கி, தலையணை மாதிரி ஆக்கி, அதன் மேல் தலைவைத்துத் தூங்கக் கற்றிருக்கிறான். அதை உருவ அவளுக்கு என்ன உரிமை? உருவாமல் இருக்கத்தான் என்ன உரிமை?

"ரோடு அங்க இல்ல, மெரில்" என்றாள்.

"என்ன?"

"அங்க எப்பவுமே இருந்ததில்ல. சதுப்புல இருக்கு. எழுநூறு அடி தள்ளி."

அட்டையை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். குறிப்பேட்டையும் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். இரண்டாவது முறையும் படித்தான். திருகு என்றால் என்ன என்று கேட்டான். சொன்னாள். திருப்பி வைத்தது யார் என்பதையும் சொன்னாள். இதே மேஜையில் என்றும் சொன்னாள்.

கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"இது என்ன தேதி? ஏப்ரல் பதினேழா?"

"பதினேழு."

"மாடு போனது மே எட்டு."

"ஆமா."

"மூணு வாரம்" என்றான் மெரில். "மூணு வாரம் இருந்திருக்கு. சபைக்கு ஒரு போன் போட்டிருந்தா போதும். வங்கிக்கு நானே ஓடியிருப்பேன்." குரல் உயரவேயில்லை. "ஏலத்துக்கு வந்தாரே. வேலிகிட்ட நின்னாரே. நான் நேருக்கு நேரா கேட்டேனே, திரும்ப அளந்து பாருங்கன்னு. அப்போ அளந்து முடிச்சிட்டுத்தான் நின்னாரா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"நீ தெரியாம செஞ்சே. அதை நான் என்ன சொல்ல? பிறந்தநாளுக்குப் பரிசு குடுத்தே, பாவம். ஆனா அவர் தெரிஞ்சு செஞ்சாரு. மூணாவது வரியை எழுதினா உன் பேர் வரும். எழுதலேன்னா என் மாடு போகும். உட்கார்ந்து யோசிச்சு ஒண்ணை எடுத்துக்கிட்டாரு."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே சபையில..."

"சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று வாய்வரை வந்தது. அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவுக்கு அவளைத் தெரியும். ஒருவேளை அவளைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்காமலே விட்டாரோ என்னவோ. அந்த எண்ணம் வந்ததும் அவளால் அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எதுக்கு இப்ப சொன்னே?" என்றான் மெரில். "நான்தான் வரேன்னுட்டேனே."

"ஒரு பொய்யைத் தூக்கிக்கிட்டு நீ வரக்கூடாதுன்னு."

"எனக்கு அது பொய்யா இல்லையே. பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும்." முள்கரண்டியைத் தட்டில் நேராக வைத்தான். "உனக்கு நெஞ்சு லேசாயிடுச்சா?"

"இல்ல."

"நல்லது."

பேனாவை அவனே எடுத்தான். பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் ஓட்டினான். நாற்பத்தொன்றாவது வரியில் விரல் நின்றது.

"இந்தத் தகரமும் போகுதா?"

"நீ வேண்டாம்னா போகாது."

"போகட்டும். ஊர்ச் சபை என்னிக்கு?"

"வியாழக்கிழமை. ஏழு மணி."

"அங்க போய்ச் சொல்லு. ரோடு எங்க இருக்குன்னு, எப்படித் தப்பாச்சுன்னு. அட்டையைக் குடுத்துட்டு வந்து உட்காராதே. எழுந்து நின்னு, உன் வாயால சொல்லு."

"வரைபடத்துல இருந்து எடுத்தாலும் உன் நிலம் திரும்ப வராது, மெரில்."

"வராது. அங்க இப்ப யாரோ கோடைக்கு மட்டும் வராங்களாம், கொட்டகையில படகு நிறுத்தறாங்களாம். எனக்குத் தெரியும்." கையெழுத்துப் போட்டான். பெக் என்ற பெயரின் கடைசி எழுத்தை அப்பாவைப் போலவே இழுத்து முடித்தான். "அன்னிக்கு ஏலத்துல நீ சொன்னதை ஊரே கேட்டுது. இதையும் கேட்கட்டும். நான் முன்வரிசையில உட்கார்ந்திருப்பேன்."

"சொல்றேன்" என்றாள் வெர்னா.

*

அவன் பூட்ஸை மாட்டும்வரை அவள் கதவருகே நின்றாள். அவன் இறங்கியதும் அவளும் பின்னாலேயே இறங்கினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு நடந்தாள். சனிக்கிழமை வருவாயா என்று கேட்க வேண்டும். காலையில் அது ஒரு கெஞ்சலாக இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் அதற்குப் பதில் கிடைத்துவிட்டிருந்தது. இப்போது அதே கேள்வியைக் கேட்கத் தனக்கு எந்த முகமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மெரில் லாரியைக் கிளப்பினான். பின்சக்கரம் இரண்டும் வெறுமனே சுழன்றன. தபால்பெட்டி, வேலி, அவள் பாவாடை எல்லாவற்றின் மேலும் சேறு தெறித்தது. மறுபடி முயன்றான். வண்டி இன்னும் ஒரு விரல் இறங்கியது.

கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான்.

அவள் பின்னால் போய் இரண்டு கையையும் வண்டியின் பின்கதவில் வைத்துத் தள்ளினாள். இந்த மலையில் பிறந்த யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாத வேலை அது. சக்கரம் ஆடும்போது விட்டுக்கொடுத்து, பிடிக்கும்போது முழு உடம்பையும் கொடுக்க வேண்டும். ஐந்தாவது தள்ளலில் வண்டி எகிறி வெளியே வந்தது. அவள் முழங்காலில் விழுந்தாள்.

சேற்றிலிருந்து வெளியே வந்த வண்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மறுபடி புதையும். நன்றி சொல்வதானாலும், மன்னிப்பதானாலும், கெட்டியான தரைக்குப் போன பிறகுதான். ஆர்டனில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் தரை கெட்டி என்பது மெரிலுக்குத் தெரியும்.

வெர்னா எழுந்திருக்கவில்லை. வண்டிச் சத்தம் வளைவுவரை போனது. வளைவைத் தாண்டியது. அது நிற்கிறதா என்று, முகத்தில் வழிந்த சேற்றைக்கூடத் துடைக்காமல், காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.